அண்ணை தமிழில் சாப்பிட்ட கடை

அண்ணைக்கு ஆங்கிலம் தெரியாது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அவர் எழுதிய ஆங்கில அறிக்கைகளைக் கொழும்புத் தலைமை அலுவலகத்தில் மற்றவர்களுக்கு மாதிரியாகக் காட்டுவார்கள். ஒரு கமாவை எங்கே போடுவது என்று இரண்டு பொறியியலாளர்கள் பிடுங்குப்பட்டால் தீர்ப்புக்கு அவரிடம்தான் வருவார்கள். ஆனால் அறிக்கையை மடித்து வைத்துவிட்டு எழும்பினார் என்றால் அந்த ஆங்கிலமும் மேசையிலேயே தங்கிவிடும். அதற்குப் பிறகு வாயில் வருவதெல்லாம் தமிழ். எதிரே நிற்பது தமிழரா, சிங்களவரா, வெள்ளைக்காரரா, நாயா என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

"இங்கிலிசு வேலைக்கு, தம்பி," என்பார். "பசிக்குது எண்டு இங்கிலிசில சொன்னால் எனக்கே நம்பிக்கை வருகுதில்லை."

அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. பிள்ளைகள் இருவரும் நல்ல உத்தியோகத்தில் இருக்கிறார்கள், சண்டைக்கு வருவார்கள். அலுவலகத்தில் காவலாளி தொடக்கம் தட்டச்சுப் பெண்கள் வரை எல்லாரும் அவரை அண்ணை என்றுதான் கூப்பிட்டோம். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

எழுபதுகளின் முற்பகுதியில் அரசாங்கம் எங்கள் இருவரையும் பயிற்சிக்கென்று அவுஸ்திரேலியாவுக்கு அனுப்பியது. மெல்பேர்னுக்குத் தென்கிழக்கே டண்டினொங்கில், தண்ணீர் இறைக்கும் பெரிய பம்புகள் செய்கிற ஒரு தொழிற்சாலை. அண்ணைக்கு நாற்பது தாண்டியிருந்தது. மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் அநுராதபுரத்தில், எங்கள் நீர்ப்பாசனத் திணைக்களம் கொடுத்த குவார்ட்டர்ஸில் விட்டுவிட்டு வந்திருந்தார். எனக்குக் கலியாணம்கூட ஆகவில்லை. "அண்ணையைப் பாத்துக்கொள்" என்று அலுவலகத்தில் எனக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவருக்கும் அதையே என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள்.

வந்த முதல் கிழமையே பஸ்ஸில் ஏறிச் சாரதியிடம், "தம்பி, அந்தக் கோயிலடியில இறக்கிவிடும்," என்றார். நான் வெட்கத்தில் கடைசிச் சீற்றுக்குப் போய்விட்டேன். பஸ் ஒரு தேவாலயத்துக்கு முன்னால் நின்றது. எங்களுடைய விடுதி அதற்குப் பக்கத்து வீதி. "நல்ல பொடியன்," என்று சொல்லிக்கொண்டு அண்ணை இறங்கினார்.

தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்தவர் ஆறடி உயரத்தில் ஒரு அவுஸ்திரேலியர். பம்பு ஒன்றைப் பூட்டிக்கொண்டு நின்றவரிடம் அண்ணை, "உந்த நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கும்," என்றார். அவர் இறுக்கினார். ஒரு விடுமுறையில் சிட்னிக்குப் போய்த் துறைமுகத்தடியில் வழி தவறி நின்றோம். நான் ஒரு பொலிஸ்காரரிடம் நல்ல ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு வேறு பக்கம் பார்த்தார். அண்ணை போய், "தம்பி, நாங்கள் ஸ்டேசனுக்குப் போக வேணும், கால் நோகுது," என்று தமிழில் சொல்லி முழங்காலைத் தொட்டுக் காட்டினார். அந்தப் பொலிஸ்காரர் எங்களை ஸ்டேசன் வாசல்வரை நடந்து கொண்டுபோய் விட்டார். வழியெல்லாம் அண்ணை அவருக்குத் தன் முழங்காலின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டே வந்தார்.

தமிழால் அவருக்கு ஆகாத காரியம் ஒன்றே ஒன்றுதான். சாப்பாடு.

அண்ணை சுத்த சைவம். முட்டைகூடத் தொடமாட்டார். நாங்கள் இருந்த விடுதியை ஒரு வெள்ளைக்கார அம்மா நடத்தினா. நல்ல மனுசி. அவவுடைய நாய்கூட அண்ணை "உள்ள போ" என்றால் உள்ளே போகும். ஆனால் ஆட்டிறைச்சியையும் கோவா இலையையும் உருளைக்கிழங்கையும் ஒரே சட்டியில் போட்டு, நிறம் போகும்வரை அவிப்பா. அண்ணை சைவம் என்று நான் ஆங்கிலத்தில் விளக்கிச் சொன்னேன். அவ உடனே அண்ணையின் பீங்கானில் இருந்த இறைச்சித் துண்டுகளை முள்ளுக்கரண்டியால் எடுத்துப் போட்டுவிட்டு, மிச்சத்தை அவர் முன்னால் வைத்து, சாப்பிடுங்கள் என்று சிரித்தா.

அண்ணை அதன் பிறகு வெண்ணெய் பூசிய பாணிலும் வாழைப்பழத்திலும் சீவித்தார். காற்சட்டை இடுப்பில் நிற்காமல் பெல்ட்டில் ஆணியால் புதுத் துளை போட்டார். பிறகு இன்னொரு துளை. ஒரு பின்னேரம் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "தம்பி, நான் திரும்பிப் போகப் போறன்," என்றார். "பயிற்சி இல்லாட்டி பதவி உயர்வு இல்லை, அது தெரியும். ஆனால் பதவி உயர்ந்தாப் பிறகு இருக்கிறதுக்கு ஆள் வேணுமே."

அவர் பகிடியாகச் சொல்லவில்லை. மறுநாள் மேலதிகாரிக்கு எழுத வேண்டிய ஆங்கில வசனங்களை அப்போதே வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆங்கிலம் வந்துவிட்டது என்றால் காரியம் முற்றிவிட்டது என்று அர்த்தம்.

எங்களோடு வேலை செய்த புரூனோ என்ற இத்தாலியர்தான் அதைத் தடுத்தார். வெல்டிங் வேலைக்காரர். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அண்ணை இரண்டாவது வாழைப்பழத்தை உரிப்பதைப் பல நாள் பார்த்துப் பொறுக்க முடியாமல், சனிக்கிழமை மத்தியானம் தங்கள் ஆட்களின் கடைக்கு வாருங்கள் என்று எங்களை இழுத்துப் போனார்.

டண்டினொங் ஸ்டேசனுக்குப் பின்னால் ஒரு சிறிய வீதி. ஒரு பக்கம் டயர் கடை, மறுபக்கம் சப்பாத்துத் தைக்கிற கடை, நடுவில் இது. ஏழெட்டு மேசைதான் இருக்கும். மேசைக்கு மேசை கட்டம் போட்ட துணி. சாப்பிடுகிறவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கதைத்தார்கள். உள்ளே பூண்டு பொரிகிற வாசம். அண்ணை வாசலில் நின்று மூக்கை உயர்த்திக் கண்ணை மூடினார். அப்படியே அவர் அழுதுவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

கடைக்காரி வந்தா. ஐம்பது வயது இருக்கும். கறுத்தச் சட்டை, அகலமான இடுப்பு, கையில் துடைக்கிற துணி. அவவுக்கு ஆங்கிலத்தில் நாலு சொல்தான் தெரியும், அதில் இரண்டு கெட்ட வார்த்தை. அதனால் என்னுடைய ஆங்கிலத்துக்கு அங்கே வேலையே இருக்கவில்லை. அண்ணை நேராகத் தொடங்கினார்.

"அக்கா, இறைச்சி மீன் போடாமல் ஏதும் இருக்கோ?"

"சீ, சீ," என்றா அவ, சிரித்த முகத்தோடு.

அண்ணையின் முகம் சிவந்துவிட்டது. கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினார். "வா தம்பி, போவம். மரக்கறி கேட்டதுக்குச் சீ எண்டு சொல்லுற இடத்தில எனக்கென்ன வேலை."

புரூனோ அவரைப் பிடித்து உட்கார்த்தி, தங்கள் மொழியில் சீ என்றால் ஓம் என்று விளங்கப்படுத்தினார். அண்ணை மெல்ல இருந்தார். "ஓம் எண்டதுக்கு இவ்வளவு அருவருப்பு என்னத்துக்கு," என்று என்னிடம் முணுமுணுத்தார்.

அதற்குள் கடைக்காரி உள்ளே போய் ஒரு பெரிய கண்ணாடிக் கூசாவில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனா. அண்ணை ஒரு கிளாஸ் குடித்தார். "அக்கா, எனக்கு முட்டையும் வேண்டாம்," என்று கூப்பிட்டுச் சொன்னார். அவ இன்னொரு கூசா தண்ணீர் கொண்டுவந்தா. "அக்கா, இது காணும்," என்றார். மூன்றாவது கூசா வந்தது. மரியாதைக்கு எல்லாவற்றிலும் ஒவ்வொரு கிளாஸ் குடித்துவிட்டு, "நல்ல மனுசி. ஆனால் தண்ணியாலேயே வயித்தை நிரப்பிப் போடுவா போல கிடக்கு," என்றார். இத்தாலிய மொழியில் தண்ணீருக்கு ஏறக்குறைய அக்கா என்றுதான் சொல்வார்கள் என்று புரூனோ எனக்குப் பிறகு சொன்னார். நான் அதை அண்ணையிடம் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "அதுக்காக அக்காவைப் பேர் சொல்லிக் கூப்பிடேலுமோ?" என்றார். கடைசிவரை அக்கா என்றுதான் கூப்பிட்டார். கடைசிவரை தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது.

அன்றைக்கு வந்தது ஸ்பகெட்டியும் தக்காளிக் குழம்பும், பிறகு கத்தரிக்காயைப் பொரித்து அடுக்கிப் பால்கட்டி போட்டு வேகவைத்த ஒன்றும். அண்ணை கையைக் கழுவிக்கொண்டு வந்து, வலது கையால் ஸ்பகெட்டியைப் பிசைந்தார். "இடியப்பத்தைப் பிழியத் தெரியாமல் நீட்டிப் போட்டாங்கள். எண்டாலும் நல்ல பதம்." பக்கத்து மேசைகளில் கதை நின்றுவிட்டது. கடைக்காரி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தா. என் காது சுட்டது. அப்போது மூலையில் இருந்த ஒரு முதியவர் எழும்பி வந்து, அண்ணையின் முதுகில் தட்டி, உரத்த குரலில் எதையோ சொன்னார். தன் தகப்பன் இத்தாலியில், நாப்பொலி நகரில் இப்படித்தான் கையால் சாப்பிட்டாராம். முதியவர் திரும்பிப் போய்த் தன் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தானும் கையால் தொடங்கினார். அவருடைய மகள் தலையில் கை வைத்துக்கொண்டா.

பாணை அவர்கள் "பானே" என்றதும், சமைக்கிற இடத்தைக் காட்டிக் கடைக்காரி "குச்சீனா" என்றதும் அண்ணைக்குப் போதுமாக இருந்தது. "கேட்டியே? குசினி. குசினி எண்டுதான் சொல்லுறா. இவை எங்கட ஆக்கள், தம்பி. எங்கயோ இடையில பிரிஞ்சு போட்டினம்."

"அண்ணை, அதெல்லாம் போர்த்துக்கேயச் சொல். அவங்கள்தான் எங்களுக்குக் கொண்டந்தவங்கள்."

"அவங்கள் எங்களிட்ட இருந்து கொண்டு போயிருப்பாங்கள்," என்றார். அத்தோடு அந்தக் கதை முடிந்தது.

ஊருக்குப் போகிற பேச்சும் முடிந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தக் கடைதான். கிழமைக்குள்ளும் கடைக்காரி மூடியிட்ட ஒரு சட்டியில் எதையாவது கட்டிக் கொடுத்துவிடுவா. பெல்ட்டில் புதுத் துளைகள் சும்மா கிடந்தன. சமையல்காரர் கடைக்காரியின் கணவர் என்று தெரிந்ததும் அண்ணை அவரை அத்தான் என்று கூப்பிடத் தொடங்கினார். அக்காவின் புருசன் அத்தான்தானே. குசினிக் கதவால் மெலிந்த, மீசை வைத்த ஒரு முகம் எட்டிப் பார்த்துக் கையசைக்கும்.

ஒரு சனிக்கிழமை கடைக்காரி ஒரு போத்தலைத் தூக்கிப் பிடித்து அண்ணையிடம், "வீனோ?" என்றா.

வேணுமோ என்று அவ சுத்தமான யாழ்ப்பாணத் தமிழில் கேட்டதாக அண்ணை பூரித்துப்போனார். "ஓம் அக்கா, வேணும்."

அந்தக் கடைக்கு மது விற்க அனுமதி கிடையாது. அதனால் கோப்பிக் கோப்பையில்தான் ஊற்றினா. அண்ணை குடித்துப் பார்த்தார். "முந்திரிகைப்பழச் சாறு. கொஞ்சம் புளிச்சுப் போச்சு, பரவாயில்லை." இரண்டாவது முறையும் அவ வேணுமோ என்று கேட்டா. கேட்கிறவவுக்கு வேண்டாம் என்று சொல்வது மரியாதை இல்லையே. விடுதிக்கு நடந்து வந்தபோது அண்ணை வழியில் இருந்த ஒவ்வொரு தபால் பெட்டிக்கும் வணக்கம் சொன்னார். ஒரு வீட்டு வேலியில் நின்ற றோசாவுக்கு நீரிறைக்கும் விஞ்ஞானத்தை விளக்கினார். மறுநாள் காலையில் நான் வாயைத் திறக்க முந்தியே கையை உயர்த்தி, "அது என்ன எண்டு நீ எனக்குச் சொல்லாத. தெரிஞ்சால் விட வேணும்," என்றார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கடைக்காரிக்கும் சமையல்காரருக்கும் பேச்சு நின்றது.

காரணம் ஒரு பலகை. கடைக்கு மேலே இருந்த பழைய பெயர்ப்பலகையில் கடைக்காரியின் பெயர் இருந்தது. மழையில் அழிந்துபோன அதைப் புதுப்பிக்கச் சமையல்காரர் ஒரு பெயின்றரைப் பிடித்தார். மனைவிக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று சொல்லாமல் செய்வித்தார். ஆச்சரியமாகத்தான் இருந்தது. புதுப் பலகையில் அவருடைய தாயின் பெயர் இருந்தது.

மாமியாரின் பெயருக்குக் கீழால் நுழைய மாட்டேன் என்று கடைக்காரி அன்றையிலிருந்து டயர் கடைக்குள்ளால் சுற்றிப் பின்கதவால் வந்தா. இருவரும் ஒரே கடையில் வேலை செய்தார்கள், ஒரு சொல் பேசவில்லை. சாப்பிட வந்தவர்கள்தான் தூது. "உள்ளே இருக்கிறவனிடம் உப்புக் கூட என்று சொல்." "வெளியே நிற்கிறவளிடம் உப்புச் சரி என்று சொல்." நாங்கள் பீங்கானும் கையுமாக அங்கும் இங்கும் நடந்தோம். அண்ணையிடம் கொடுத்த தூதை அவர் தமிழில் மொழிபெயர்த்துக் கொண்டுபோய்ச் சேர்ப்பார். சேர வேண்டியது சேர்ந்ததா என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

முதலில் எல்லாருக்கும் பகிடியாக இருந்தது. பிறகு சாப்பாடு கெடத் தொடங்கியது. ஒரு சனிக்கிழமை நாங்கள் போனபோது மேசைகள் பாதி வெறுமையாக இருந்தன. கடைக்காரியின் கண் வீங்கியிருந்தது. புரூனோ மெதுவாகச் சொன்னார்: திங்கட்கிழமை அவ சிட்னியில் இருக்கிற தங்கையிடம் போகிறா, திரும்பி வரமாட்டாவாம்; அவ இல்லாமல் கடை ஒரு மாதம்கூடத் தாங்காது.

அதைக் கேட்டதும் அண்ணை சாப்பாட்டை விட்டுக் கையை எடுத்தார். முகத்தில் அந்த விடுதிக் கோவாவின் நிறம் வந்தது. "நான் போய் அத்தானோட ஒருக்கால் கதைச்சிட்டு வாறன்," என்று எழும்பிக் குசினிக்குள் போனார்.

கதவு மூடிக்கொண்டது. உள்ளேயிருந்து அண்ணையின் குரல் சீராகக் கேட்டது. இடையிடையே கத்தி பலகையில் தட்டுகிற சத்தம். சமையல்காரரின் குரல் ஒன்றோ இரண்டோ தடவை வந்தது, பிறகு அதுவும் இல்லை. கடைக்காரி ஒரே கிளாஸைத் திருப்பித் திருப்பித் துடைத்துக்கொண்டு கதவைப் பார்த்தபடி நின்றா.

கதவு திறந்தது. முதலில் வந்தவர் சமையல்காரர். முகமெல்லாம் கண்ணீர். அவர் மனைவியைப் பார்த்து ஏதோ இரண்டு வார்த்தை சொன்னார். பிறகு நேரே வெளியே போய், டயர் கடையில் ஏணி வாங்கி, ஒரு தகரம் பச்சைப் பெயின்றோடு ஏறி, தாயின் பெயரை முழுக்க அழித்தார். கடைக்காரி வீதியில் நின்று அண்ணாந்து பார்த்தா. கையில் இருந்த துணியை அவர் மீது எறிந்தா. பிறகு ஏணியைப் பிடித்துக்கொண்டு அழுதா. அந்தப் பலகையில் பிறகு எந்தப் பெயரும் எழுதப்படவில்லை. வெறும் பச்சை.

அண்ணையும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் வெளியே வந்தார். நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். "என்னண்ணை சொன்னனீங்கள்?"

"என்னத்தைச் சொல்ல? குடும்பச் சண்டைக்குள்ள நாங்கள் தலை போடலாமோ? கோவத்தில இருக்கிற மனுசனுக்குப் புத்தி சொன்னால் ஏறாது. சமையலைக் கதைச்சால் கொஞ்சம் ஆறுவார் எண்டு பாத்தன். கத்தரிக்காய்க்கு வெங்காயம் காணாது எண்டு சொல்லி, என்ர மனுசி எப்பிடிச் செய்யிறவ எண்டு வெட்டிக் காட்டினனான்." மூக்கை உறிஞ்சினார். "உந்த ஊர் வெங்காயம் சரியான காரம், தம்பி. கண்ணைத் திறக்கேலாமல் கிடக்கு."

திங்கட்கிழமை தொழிற்சாலையில் புரூனோ என்னை ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனார். குரலைத் தாழ்த்தி, உங்கள் நண்பருக்கு இவ்வளவு பெரிய துக்கம் இருக்கிறது என்று ஏன் எங்களுக்குச் சொல்லவில்லை என்று கேட்டார். சமையல்காரர் கடையில் எல்லாருக்கும் சொல்லியிருக்கிறார். அண்ணை குசினிக்குள் வந்து, மனைவியைப் பற்றிச் சொல்லச் சொல்லக் கண்ணீர் ஓடியதாம். சமையல்காரர் தன் மோதிர விரலைத் தொட்டு, உன் மனைவி எங்கே என்று கேட்டாராம். அண்ணை அழுதுகொண்டே கையை உயர்த்தி வானத்தைக் காட்டினாராம். அழுதபடியே அவவுடைய கத்தரிக்காய்க் கறியையும் செய்து காட்டினாராம். செத்துப்போன மனைவிக்காக ஒருவன் இப்படி உருகும்போது, உயிரோடு இருக்கிறவளுடன் ஒரு பலகைக்காக நான் கோபிப்பதா என்று சமையல்காரர் நெஞ்சில் அடித்துக்கொண்டாராம்.

நான் ஓடிப்போய் அண்ணையிடம், "மனுசி எங்கை எண்டு அவர் கேட்டவரோ?" என்றேன்.

"கேட்டவர்போலத்தான் கிடந்தது. அங்க எண்டு காட்டினனான்."

"எப்பிடிக் காட்டினீங்கள்?"

அண்ணை கூரையை நோக்கிக் கையை உயர்த்தினார். "பிளேனில எல்லே வந்தது. வேற எந்தப் பக்கம் காட்டுறது?"

அவரிடம் நடந்ததைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மனைவிக்கு எழுதும் ஒவ்வொரு கடிதத்திலும் பல்லி சொன்ன பலன்வரை கேட்டு எழுதுகிறவர். செத்துவிட்டா என்று நாலு பேர் சொன்னதாகக் கேட்டால் அடுத்த பிளேனில் போய்விடுவார். ஆனால் கடைக்காரியிடம் உண்மையைச் சொல்லத்தான் பார்த்தேன். அடுத்த சனிக்கிழமை அவவைக் கூப்பிட்டு, அண்ணையின் மனைவி உயிரோடு இருக்கிறா என்று மெதுவான ஆங்கிலத்தில் சொன்னேன். அவ என் கன்னத்தைத் தொட்டு, "சீ, சீ," என்று சொல்லிவிட்டு, கண்கலங்கி மேலே பார்த்தா. மோட்சத்தில் எல்லாரும் உயிரோடுதானே இருக்கிறார்கள். புரூனோவிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் சிரித்துவிட்டு, பெயின்ற் இன்னும் காயவில்லை, இப்போது வேண்டாம் என்றார்.

அன்றிலிருந்து அண்ணைக்கு அந்தக் கடையில் கிடைத்த மரியாதையைச் சொல்லி முடியாது. கறுப்பு உடுத்த அம்மாக்கள் வந்து அவருடைய தலையைத் தடவினார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். "தமிழனுக்கு ஒரு மதிப்புத்தான்," என்றார் அண்ணை.

பயிற்சி முடிந்து புறப்படுகிற கிழமை, அவர் தன் பெட்டியிலிருந்து மனைவியின் படம் ஒன்றை எடுத்துக் கடைக்காரிக்கு நினைவாகக் கொடுத்தார். ஸ்ரூடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். அந்தக் காலத்தில் யாரும் படத்தில் சிரிப்பதில்லை. அண்ணி கதிரையில் நிமிர்ந்திருந்து, நேரே பார்த்துக்கொண்டிருந்தா. கடைக்காரி படத்தை முத்தமிட்டு, நெஞ்சோடு அணைத்து, சுவரில் ஏற்கெனவே தொங்கிய சில படங்களோடு அதையும் மாட்டினா. கீழே பிளாஸ்ரிக் பூவும், ஒரு சின்ன விளக்கும். அண்ணை தூர நின்று பார்த்துத் தலையை ஆட்டினார். "பாத்தியே தம்பி, எங்கட ஆக்களுக்கு என்ன மரியாதை."

ஊருக்குத் திரும்பினோம். அண்ணைக்குப் பதவி உயர்வு கிடைத்தது. அநுராதபுரத்திலேயே இருந்தார். சில வருடத்தில் நான் குடியேறி மறுபடி மெல்பேர்னுக்கு வந்து, கிளென் வேவர்லியில் ஒரு அறை எடுத்தேன். எழுபத்தேழில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தில் அண்ணையின் குவார்ட்டர்ஸை எரித்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. குடும்பம் உயிர் தப்பி அகதிகளாக வடக்கே போனது என்பதற்கு மேல் எதுவும் தெரியவில்லை. பிறகு, பழைய தொழிற்சாலைக்காரர்கள் பொறுப்பெடுத்துக் கூப்பிட, அவரும் அண்ணியும் பிள்ளைகளும் ஒரு குளிர்காலக் காலையில் மெல்பேர்னில் வந்து இறங்கினார்கள். நால்வருக்குமாக இரண்டு பெட்டி. அண்ணையின் தலை வெளுத்திருந்தது. என்னைக் கண்டதும் அவர் கேட்டது, "அக்காவின்ர கடை இருக்கோ?"

வந்த முதல் சனிக்கிழமையே எல்லாரையும் என் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். பச்சைப் பலகை அப்படியே இருந்தது. அண்ணை முன்னால், பிறகு அண்ணி, பிறகு பிள்ளைகள். எனக்குச் சுவரில் இருந்த படம் அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஆனால் அதற்குள் எல்லாரும் உள்ளே போய்விட்டார்கள்.

கடைக்காரி ஒரு பெரிய பீங்கானோடு வந்துகொண்டிருந்தா. அண்ணையைக் கண்டு முகம் விரிந்தது. பின்னால் வந்த அண்ணியைப் பார்த்தா. பீங்கானை மிகவும் கவனமாக, அதைக் கேட்காத ஒருவர் முன்னால் வைத்தா. நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டு கணவரைக் கூப்பிட்டுக் கத்தினா. சமையல்காரர் ஓடி வந்தார். இருவரும் அண்ணியைப் பார்த்தார்கள், சுவரைப் பார்த்தார்கள், மறுபடி அண்ணியைப் பார்த்தார்கள்.

அண்ணியும் சுவரைப் பார்த்தா.

"இது நான் எல்லோ?"

"ஓம்," என்றார் அண்ணை பெருமையாக. "நான்தான் குடுத்தனான்."

"ஏன் பூ வைச்சு விளக்குக் கொளுத்தியிருக்கு?"

"மரியாதை."

அண்ணி கிட்டப் போய்ப் பார்த்தா. "பக்கத்தில இருக்கிற கிழவர் ஆர்?"

"அக்காவின்ர தேப்பன்."

"இருக்கிறாரோ?"

"இல்லை. எப்பவோ செத்திட்டார்."

"இந்த மனுசி?"

"அது அக்காவின்ர மாமி. அதுவும் போட்டுது."

"அப்ப நான்?"

அண்ணை வாயைத் திறந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்குத் தமிழ் வரவில்லை. மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் வெங்காயத்திலிருந்து வானம்வரை எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணை ஒரு கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

கடைக்காரி இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. அண்ணியின் கன்னத்தையும் கைகளையும் தொட்டுப் பார்த்து, சூடு இருக்கிறது என்று நிச்சயித்துக்கொண்டு, இழுத்து உட்கார்த்திச் சாப்பாடு கொண்டுவந்து குவித்தா. அண்ணை எழும்பிப் போய், "அத்தான், அண்டைக்கு நான் வெங்காயம் வெட்டினனான், அவ்வளவுதான்," என்று கண்ணைக் கசக்கி, கையால் வெட்டிக் காட்டினார். இந்த முறை அவருக்கு விளங்கியது. சமையல்காரர் சிரித்துச் சிரித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே இருந்துவிட்டார்.

பிறகு கடைக்காரி வெட்கத்தோடு ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, படத்தைக் கழற்ற ஏறினா.

"கழட்ட வேண்டாம் எண்டு சொல்லுங்கோ," என்றா அண்ணி.

எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். அண்ணி பிள்ளைகளின் பீங்கான்களில் கத்தரிக்காயைப் பங்கிட்டுக்கொண்டே பேசினா. "எங்கட கலியாணப் படம், பிள்ளையளின்ர படம், எல்லாம் வீட்டோட எரிஞ்சு போச்சு. அந்தச் சீலையும் போச்சு. இதில கறுப்பாத் தெரியுது, அது அரக்கு. அம்மா எடுத்துத் தந்தது. என்ர படமெண்டு இப்ப உலகத்தில உது ஒண்டுதான் இருக்கு."

அண்ணை, கையை அசைத்துக் கடைக்காரியைக் கீழே இறங்கச் சொன்னார்.

"வீட்டை கொண்டு போவமே?" என்று நான் கேட்டேன்.

"எந்த வீட்டை?" என்றா அண்ணி. "இஞ்சதான் அது பத்திரமா இருந்தது. இருக்கட்டும்."

சாப்பிட்ட கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழும்பினா. பூவைக் கொஞ்சம் தள்ளி வைத்து, கண்ணாடியில் படிந்திருந்த எண்ணெய்ப் புகையை அதே முந்தானையால் துடைத்து, சாய்ந்திருந்த படத்தை நேராக்கினா. தள்ளி நின்று, தன்னை ஒருமுறை நன்றாகப் பார்த்தா. பிறகு வந்து மிச்சத்தைச் சாப்பிட்டா.